'கார்னிவல் ஒஃப் சோல்ஸ்' டிஸ்க்கை மலையக வீட்டில் வாங்கிப் பார்த்துப் பாதுகாப்பது எப்படி

தலவாக்கலையில் எங்கள் மாதா கோயிலில் இருபத்தாறு வருடமாக ஓகன் வாசிக்கிறேன். ஞாயிறு பூசை, கலியாணம், அடக்கம், எதுவென்றாலும் அந்தப் பலகையில் உட்கார்வது நான்தான். சில வருடங்களுக்கு முன் என் அண்ணன் மகன் லண்டனிலிருந்து வந்தபோது ஒரு டிவிடியைக் கையில் தந்து, "அத்தை, இந்தப் படத்தில வர்றவளும் உங்கள மாதிரி கோயில்ல ஓகன் வாசிக்கிறவதான்" என்றான். எனக்குப் பேய்ப்படம் பார்க்கும் பழக்கமே கிடையாது. ஓகன் என்ற ஒரு சொல்லுக்காகப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பத்துத் தடவைக்கு மேல், மூன்று வெவ்வேறு டிஸ்க்கில் பார்த்துவிட்டேன்.

1962இல் அமெரிக்காவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மேரி என்ற பெண் தோழிகளோடு காரில் போகிறாள். பையன்கள் பந்தயத்துக்கு இழுக்கிறார்கள், பாலத்தில் கார் கவிழ்ந்து ஆற்றில் விழுகிறது. ஆற்றில் தேடுகிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை. மூன்று மணித்தியாலம் கழித்து அவள் மட்டும் உடம்பெல்லாம் சேற்றோடு கரையேறி வருகிறாள். பிறகு வேறொரு மாநிலத்துக் கோயிலில் ஓகன் வாசிக்கும் வேலைக்குப் போகிறாள். போகும் வழியிலிருந்தே வெளிறிய முகத்தோடு ஒரு மனிதன் அவள் கண்ணில் படத் தொடங்குகிறான். அவன் வெளியில் நிற்கிறானா, அவள் மனதுக்குள் நிற்கிறானா என்பதுதான் படம். இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன். நீங்களும் யாருக்கும் முடிவைச் சொல்லாதீர்கள்.

இப்போது என் வீட்டில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் "டீச்சர், எது வாங்கணும், எப்படிப் பார்க்கணும்" என்று கேட்கிறார்கள். நான் காசையும் காலத்தையும் விட்டுக் கற்றுக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன்.

எந்தப் பதிப்பு

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. படம் வெளிவந்தபோது பிரதிகளில் பதிப்புரிமைக் குறிப்பு போடாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் படத்தைப் பிரதி எடுத்து விற்கலாம் என்றாகிவிட்டது. தேய்ந்துபோன பிரதியிலிருந்து கசெட், கசெட்டிலிருந்து டிஸ்க், டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க் என்று பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வர்ணம் பூசிய பதிப்பும் உண்டு, அதைத் தொடாதீர்கள். இதே பெயரில் 1998இல் வந்த வேறொரு படமும் உண்டு. அட்டையில் 1962 என்று இருக்கிறதா, இயக்குநர் ஹேர்க் ஹார்வி என்று இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கொழும்பில் நடைபாதையில் ஒரு கொப்பி வாங்கியிருந்தேன். பாலுக்குள்ளே பார்ப்பது போல் இருந்தது. வெளிறிய மனிதன் வருகிறான், ஆனால் எல்லோரும் வெளிறித்தான் இருக்கிறார்கள். யார் பேய், யார் மனிதன் என்று எப்படித் தெரியும்? சத்தத்தில் முதல் நிமிடத்திலிருந்து கடைசிவரை எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்ததுபோல் ஒரு இரைச்சல். அந்த இரைச்சல் இந்தப் படத்தை எப்படிக் கொல்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அண்ணன் மகன் தந்த லண்டன் டிவிடி அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பார்க்கும்போதே என் காதில் ஏதோ உறுத்தியது. இந்தப் படத்துக்குப் பின்னணி இசை முழுக்க முழுக்க ஓகன்தான். ஜீன் மூர் என்பவர் வாசித்தது. என் சின்ன கீபோர்டை டிவிக்கு முன்னால் வைத்துக்கொண்டு, வந்த ஒரு நீண்ட சுரத்தை விரலால் தேடினேன். அகப்படவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் கொஞ்சம் கீழே, அடுத்த கட்டையை அழுத்தினால் கொஞ்சம் மேலே. இரண்டு கட்டைக்கும் இடையில் எங்கோ அந்தச் சுரம் தொங்கிக்கொண்டிருந்தது. ரிமோட்டை வைத்துக்கொண்டு நாலைந்து தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன், அதேதான்.

அண்ணன் மகன்தான் பிறகு விளக்கினான். படம் எடுத்தது நொடிக்கு 24 படச்சட்டமாக. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் இருக்கும் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிக்கு நொடிக்கு 25. ஆகவே அந்த முறையில் டிஸ்க் செய்யும்போது படத்தை நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓட்டிவிடுவார்கள். 78 நிமிடப் படம் 75 நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் சுரம் ஏறிவிடும், ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு இருக்கும் தூரத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக. ஓகனின் கனமே போய்விடுகிறது. கோயில் மண்டபத்தில் நெஞ்சுக்குள் உட்கார வேண்டிய சத்தம், கல்யாண வீட்டு இசை மாதிரி லேசாகிவிடுகிறது.

ஆகவே அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி ஓடும் நேரத்தைப் பாருங்கள். 75 என்றிருந்தால் வேகமாக ஓடும் பதிப்பு. 78 என்றால் சரியானது. எண்பதைத் தாண்டினால் அது சில காட்சிகள் கூடுதலாக இருக்கும் இயக்குநரின் நீளமான பதிப்பு. முதல் தடவைக்கு 78 போதும், அதுதான் இறுக்கமாக இருக்கிறது.

நான் உங்களுக்குச் சொல்வது கிரைட்டீரியன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட புளூரே. 2000இல் அவர்களே இரண்டு டிஸ்க்கில் டிவிடியாகவும் கொண்டுவந்தார்கள், பழையது கிடைத்தாலும் நல்லதுதான். புளூரேயில் படத்தை 4கே அளவில் புதுப்பித்திருக்கிறார்கள். டொரொன்டோவில் இருக்கும் எங்கள் பங்குக் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார்கள். அதே கீபோர்டை முன்னால் வைத்து அதே இடத்தை ஓட்டினேன். சுரம் கட்டையில் வந்து உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பும்போது ஒன்று சொல்லுங்கள்: டிஸ்க்கைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கையில் கொண்டுவரும் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பெட்டி உருட்டலில் நடுவில் பிடித்திருக்கும் பல் உடைந்தால் டிஸ்க் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கீறிக்கொண்டு வரும்.

பிளேயர் வாங்கும்போது

உலகத்தை வலயம் வலயமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிவிடிக்கு இலங்கை 5ஆம் வலயம், அமெரிக்காவும் கனடாவும் 1. புளூரேக்கு நாம் சி, அவர்கள் ஏ. அந்த கிரைட்டீரியன் டிஸ்க் ஏ வலயத்துக்குப் பூட்டியது. இங்கே விற்கும் மலிவு டிவிடி பிளேயர்களில் பல எல்லா வலய டிவிடியையும் வாசித்துவிடும், அதனால் நமக்கு இந்தத் தொல்லையே தெரியாமல் இருந்தது. புளூரே அப்படியில்லை.

நான் கண்டியில் ஒரு கடையில் "எல்லா டிஸ்க்கும் ஓடும் மிஸ்" என்ற வார்த்தையை நம்பி ஒரு பிளேயர் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் போட்டால் வலயம் பொருந்தவில்லை என்று ஒரு வரி, அவ்வளவுதான். கடைக்காரர் சொன்னது டிவிடியை. பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் தெரியவில்லை. திரும்பக் கொண்டுபோய், கூடக் காசு கொடுத்து வேறொன்று எடுத்தேன்.

நீங்கள் டிஸ்க்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே போட்டு, முதல் காட்சியில் கார் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். டிஸ்க் இன்னும் கைக்கு வரவில்லையென்றால், புளூரேக்கு ஏ, பி, சி மூன்றும் ஓடுமா என்று அந்தச் சொற்களாலேயே கேளுங்கள். "மல்டி ரீஜன்" என்று மட்டும் கேட்டால் டிவிடியை நினைத்துக்கொண்டு ஆமாம் என்பார்கள். கணினியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டிவிடி டிரைவில் வலயத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாவதில் நிற்கும் இடத்திலேயே நின்றுவிடும்.

பனியும் ஈரமும்

நம் ஊரில் டிஸ்க்குக்கு எதிரி பனிதான். எங்கள் அப்பா எண்பதுகளில் டிவியும் டெக்கும் வைத்திருந்தார். தீபாவளி, திருவிழா என்றால் லயத்துக்கு வாடகைக்குக் கொண்டுபோய் விடிய விடியப் படம் ஓட்டுவார். அவருடைய கசெட்டுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. இன்று ஒன்றுகூட ஓடாது. நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம், உப்புத் தூவினாற்போல. பூஞ்சணம் பிடித்த கசெட்டை ஆசைப்பட்டுக்கூட டெக்கில் போடாதீர்கள். அது டெக்கின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் போய்ச் சேரும்.

டிஸ்க் கசெட்டைப் போல அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனாலும் ஈரமான அலுமாரியில் வைத்தால் அட்டைப்படம் முதலில் அலை அலையாக வளையும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். நான் செய்வது இது. பெரிய பிஸ்கட் டின் ஒன்று, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்குள் டிஸ்க் பெட்டிகளை நிமிர்த்தி வைக்கிறேன், ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதில்லை. சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை யாரும் வீட்டில் எறிய விடுவதில்லை, எல்லாம் அந்த டின்னுக்குள் போகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். எங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை, அப்போது மாதா மாதம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு வருடக் கடைசி மழைதான் பெரிது, அதற்குத் தக்கபடி பார்த்துக்கொள்ளுங்கள். டின்னை அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காயட்டும் என்று அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், அரிசித் தூசு உள்ளே போய்விடும்.

துடைப்பது எப்படி என்பதில் என் வீட்டிலேயே சண்டை நடந்திருக்கிறது. தட்டைத் துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுத் துளையிலிருந்து வெளி ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். காரணம், டிஸ்க்கில் தகவல் வட்ட வட்டமாகச் சுற்றிப் பதிந்திருக்கிறது. துடைக்கும்போது ஒரு மணல் துகள் கீறினாலும், குறுக்கே விழுந்த கீறலைப் பிளேயர் சமாளித்துவிடும். வட்டத்தோடு சேர்ந்து விழுந்தால் நீளத்துக்குத் தகவல் போய்விடும், அந்த இடத்தில் படம் நின்றுவிடும். பூஞ்சணமோ கைரேகையோ இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி, கழுவி, பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பற்பசை போட்டுத் தேய்ப்பதைச் சிலர் சொல்வார்கள். புளூரேயில் தகவல் இருப்பது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில். டிவிடியில் 0.6. தேய்க்க அங்கே இடமே இல்லை.

அப்புறம் ஒரு விஷயம், இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜனவரியில் ஒரு இரவு. முன்னறை ஐஸ் மாதிரி குளிர். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கரிச் சட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தேன், கேத்தலில் தண்ணீரும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். டின்னிலிருந்து டிஸ்க்கை எடுத்தேன், எடுத்த கையோடு வாயால் ஊதியதுபோல் அதன் மேல் ஒரு படலம் படர்ந்தது. துடைத்துப் போட்டேன். பிளேயர் உறுமியது, டிஸ்க் இல்லை என்றது. மறுபடி போட்டேன், மறுபடி இல்லை என்றது. குளிர்ந்து கிடந்த பிளேயருக்குள் கண்ணாடி வில்லையிலும் அதே படலம். அன்று படம் பார்க்கவில்லை, பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறேன். படத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்பே பிளேயரை டிஸ்க் இல்லாமல் போட்டு வைப்பேன். அதன் சொந்தச் சூட்டில் உள்ளே காய்ந்துவிடும். டிஸ்க் டின்னையும் அதே அறைக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறக்காமல் வைப்பேன். அறையின் சூட்டுக்கு அது வந்த பிறகுதான் திறப்பது. கேத்தல் அடுப்படியிலேயே இருக்கட்டும்.

கரண்ட்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடித்தால் பிளக்கையே கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிஷ் அன்டெனா வயரும் டிவியில் குத்தியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். கணினிக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. கரண்ட் போனால் அது முழுப் படத்தையும் ஓட்டாது, ஆனால் முறையாக நிறுத்தி டிஸ்க்கை வெளியே எடுக்க நேரம் தரும். சில புளூரே டிஸ்க்குகள் விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்காது. அதனால் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் நிமிடத்தைக் குறித்து வைப்பேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய காலத்தில் இந்தப் படத்தை நான் மூன்று இரவாகத் துண்டு துண்டாகப் பார்த்தேன். அது பார்த்ததாகாது. கரண்ட் நிச்சயமாக இருக்கும் நாளாகப் பாருங்கள்.

டிவியைத் திருத்துவது

புதிய டிவிகளில் அசைவை மழமழவென்று ஆக்கும் ஒரு வசதி தானாகவே போட்டு இருக்கும். ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பட அமைப்பில் 'மோஷன்' என்று வரும் எதையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பழைய படம் தொலைக்காட்சி நாடகம்போல் ஆகிவிடும். 'ஷார்ப்னஸ்' பூச்சியத்துக்கு. பட வகையை 'சினிமா' அல்லது 'மூவி' என்று வையுங்கள். பிளேயரில் 24பி (நொடிக்கு 24 படச்சட்டம்) என்ற ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

இந்தப் படம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதைப் பார்த்துவிட்டு "படம் சின்னதாத் தெரியுது" என்று ரிமோட்டை எடுத்து இழுத்துவிடுகிறவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். இழுக்க விடாதீர்கள். முகம் அகலமாகிவிடும், மேரியின் முகம் இந்தப் படத்தில் பாதி. கண்டேஸ் ஹில்லிகொஸ் என்ற நடிகை, அந்தக் கண்கள் இருக்க வேண்டிய அளவில் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தைச் சரிபார்க்கத் தனி டிஸ்க் ஒன்றும் வேண்டாம், படமே போதும். மேரி இரவில் தனியாகக் கார் ஓட்டிப் போகும் இடம் வரும். பக்கத்துக் கண்ணாடியில் தன் முகம் தெரிவதைப் பார்க்கிறாள். திரும்பப் பார்க்கும்போது அங்கே அந்த மனிதனின் முகம். அந்த முகம் சுண்ணாம்பு வெள்ளையாக, ஆனால் கண்ணுக்குக் கீழே குழி தெரியும்படி இருக்க வேண்டும். குழி தெரியாமல் வெள்ளைக் கடதாசிபோல் இருந்தால் 'கொன்ட்ராஸ்ட்' கூடிவிட்டது, குறையுங்கள். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் இருட்டு சாம்பலாகத் தெரிந்தால் 'பிரைட்னஸ்' கூடிவிட்டது, அதையும் குறையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அந்த முகம் இயக்குநர் ஹார்வியுடையதுதான், அவரே பூச்சுப் பூசிக்கொண்டு நடித்திருக்கிறார்.

சத்தம்

இதுதான் எனக்கு முக்கியம். மற்றதில் ஏதாவது குறைந்தாலும் பரவாயில்லை, இதில் குறைய விடாதீர்கள்.

படத்தில் ஓரிடத்தில் மேரி துணிக்கடைக்குப் போகிறாள். உடுப்பு மாற்றிப் பார்க்கும் அறைக்குள் இருக்கும்போது படம் தண்ணீர்போல் ஒரு தடவை நெளிகிறது. அதற்குப் பிறகு உலகத்துச் சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்பதில்லை. கடைக்காரியிடம் பேசுகிறாள், அவள் திரும்பியும் பார்ப்பதில்லை. தெருவில் ஆட்கள் வாய் அசைகிறது, வாகனம் போகிறது, ஒரு சத்தமும் இல்லை. அவள் ஒரு பூங்காவுக்குள் வந்து மரத்தடியில் நிற்கும்போது ஒரு குருவி கத்துவது கேட்கிறது. அத்தோடு உலகம் திரும்பி வருகிறது.

முதல் தடவை என் மாமியார் என்ன செய்தார் தெரியுமா? "ஏம்மா, டிவி சத்தம் போயிருச்சே" என்று ரிமோட்டை எடுத்து ஏற்றிக்கொண்டே போனார். "அத்தை, அது படத்தில வர்றதுதான்" என்று நான் சொல்வதற்குள் சத்தம் திரும்பி வந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பக்கத்து வீட்டில் நாய் குலைத்தது. ஆகவே படம் தொடங்குமுன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: இரண்டு இடத்தில் சத்தம் போகும், ரிமோட்டைத் தொடக் கூடாது. எந்த இடம் என்று சொல்ல வேண்டாம்.

இப்போது நடைபாதைக் கொப்பிக்கு வருகிறேன். அதில் இந்த இடத்திலும் அந்த எண்ணெய்ச் சட்டி இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியானால் மௌனம் எங்கே? பார்க்கிறவருக்குப் பழைய படத்தில் ஏதோ பிழை என்றுதான் தோன்றும். நல்ல டிஸ்க்கில் அந்த நிமிடம் காது அடைத்தாற்போல் ஆகிவிடும். மலையில் பஸ் ஏறும்போது காது அடைக்குமே, அதேபோல். நம் காதே செத்துவிட்டதோ என்று ஒரு பயம் வரும். இதற்காகத்தான் இத்தனை பாடும்.

அந்த மௌனத்துக்கு வீட்டையும் தயார்ப்படுத்த வேண்டும். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. ஜூன், ஜூலை மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, அப்போது இந்தப் படத்தைப் போடுவதில் அர்த்தமே இல்லை. பெப்ரவரி, மார்ச்தான் சரியான மாதம். மழை இல்லை, காற்றும் அடங்கியிருக்கும். இரவு எட்டரைக்குப் பிறகு தொடங்குங்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜை அந்த ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு அணைத்து வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, அதன் மோட்டார் சத்தம் எவ்வளவு பெரியது என்று அணைத்த பிறகுதான் தெரியும். சுவர் மணிக்கூட்டையும் நான் கழற்றி உள்ளறையில் வைத்துவிடுவேன்.

டிவியில் 'சரவுண்ட்' என்று எது இருந்தாலும் அணையுங்கள். இது ஒற்றை வழியில் பதிந்த சத்தம், அதைப் பிரித்துப் பரப்பினால் ஓகன் குழம்பிப்போகும். டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் ஓகனின் அடிச் சுரம் வராது. பழைய செட் ஒன்றின் ஸ்பீக்கர் இருந்தால் அதை இணையுங்கள், ஒன்று போதும், டிவிக்கு நேர் கீழே வையுங்கள். சத்த அளவை முதல் பத்து நிமிடத்துப் பேச்சுக்குத் தக்கபடி வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள்.

கூட உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு

நான் தமிழில் சப்டைட்டில் கண்டதில்லை. ஆங்கிலம் பழக்கமில்லாதவர்கள் இருந்தால், படத்துக்கு முன்னால் பிளேன்டீ குடிக்கும்போதே மேலே நான் சொன்ன அளவு கதையைச் சொல்லிவிடுங்கள். படம் ஓடும்போது வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். ஒரு காட்சி முடிந்ததும் இரண்டு சொல் போதும். "யாரு அவன்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். இரத்தம் ஒரு துளி இல்லை, ஆனாலும் அந்த முகம் தூக்கத்தில் வரும்.

ஒரு காட்சிக்கு மட்டும் யாரையும் பேச விட மாட்டேன். மேரி ஆளில்லாத கோயிலில் தனியாக ஓகன் பழகுகிறாள். முறையாகத்தான் தொடங்குகிறாள். கொஞ்ச நேரத்தில் கைகள் தாமாக வேறெதையோ வாசிக்கத் தொடங்குகின்றன, அவள் கண் எங்கோ போய்விடுகிறது. போதகர் வந்து கையைப் பிடித்து நிறுத்தி, வேலையை விட்டே அனுப்பிவிடுகிறார். பின்னேரம் பூசை இல்லாத நாளில், பனி சன்னல்வரை வந்து நிற்கும்போது தனியாக வாசித்தவர்களுக்கு அது தெரியும். எனக்கும் ஒன்றிரண்டு தடவை கை அப்படிப் போயிருக்கிறது. நிறுத்திவிட்டு, விளக்கைப் போட்டு, தெரிந்த மாதா பாட்டு ஒன்றை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். இந்தப் படத்தை எடுத்தவர் ஓகன் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தனிமையை அறிந்திருக்கிறார்.

டிஸ்க்கில் இருக்கும் கூடுதல் பகுதிகளைப் படத்துக்கு முன்னால் பார்க்காதீர்கள். மறுநாள் பகலில் பாருங்கள். ஹார்வியும், கதை எழுதிய ஜோன் கிளிஃபேர்டும் கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுக்கும் கம்பனியில் வேலை செய்தவர்கள். சுமார் 33,000 டொலரில், மூன்று வாரத்தில் இதை எடுத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பும் வழியில் உப்பு ஏரிக் கரையில் பாழடைந்து நின்ற சோல்டெயர் மண்டபத்தை ஹார்வி பார்த்ததுதான் தொடக்கம். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து நடனமாடிய இடம், 1958இல் மூடிவிட்டார்கள். 1970இல் எரிந்தே போய்விட்டது, ஆகவே இந்தப் படத்துக்குள் மட்டும்தான் அது அப்படி நிற்கிறது. அவர்கள் எடுத்த கல்விப் படங்களின் துண்டுகளும் டிஸ்க்கில் உண்டு. பாடசாலையில் படிப்பித்த எனக்கு அவை தனிச் சுவை. ஹார்வி இதற்குப் பிறகு முழுநீளப் படம் எடுக்கவே இல்லை.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள், ஓகன் அடங்கட்டும். பிறகு டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து எடுத்து, பெட்டிக்குள் போட்டு, டின்னை மூடி, பிளேயரின் பிளக்கைக் கழற்றி, ஃபிரிட்ஜைப் போடுங்கள், அதை மறந்தால் காலையில் பால் திரிந்துவிடும். வந்தவர்களைத் தனியாக அனுப்ப வேண்டாம். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் கீழே மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும், பனி இல்லாத இரவில் தண்ணீர் கறுப்பாகக் கிடக்கும். ஆற்றிலிருந்து எழுந்து வருகிறவளைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் நடக்க யாருக்கும் மனம் வராது. அதனால் டோர்ச்சை முதலே கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து, பற்றரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.